இரண்டு கையையும் தூக்கியவன்

கட்டுமாவடியை விட்டு அறந்தாங்கி சாலையில் நடந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். ஈர அரை டிராயருக்கு மேல் கைலியைச் சுற்றியிருந்தேன். உப்பு காய்ந்து தொடையை அறுத்தது. தோளில் பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை, எட்டாம் வகுப்போடு நின்றுபோனதற்கான பள்ளிச் சான்றிதழ், சார்ஜ் நிற்காத ஒரு போன். என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

இதே சாலையில் எனக்கு முன்னால் ஆம்புலன்ஸ் போயிருந்தது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதில் ஒருவனைக் கொண்டுபோனார்கள். காலையில் என்னோடு கடலில் நீந்தியவன். அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் போய்விட வேண்டும் என்றுதான் நடந்தேன். ஆனால் எதிரே வந்த ஒவ்வொரு பைக்கையும் ஓட்டி வந்தவரின் முகத்தைப் பார்த்தேன். சாவுச் சேதி கொண்டுவருகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எல்லா முகமும் அப்படியே இருந்தது.

ஊரை விட்டுக் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. கீரனூர் பக்கம் செங்கல் சூளை, திருச்சியில் ஒரு லாட்ஜ், அதற்கப்பால் ஏதேதோ ஊர்கள். வேலை முடிந்தாலும் கிளம்புவேன், முடியாவிட்டாலும் கிளம்புவேன். எந்த ஊரையும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கு நூறடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன், யாராவது துரத்தி வருகிறார்களா என்று.

கட்டுமாவடிக்கு வந்து அப்போது பத்து நாள்தான். அங்கே கடல் கரையோரம் ஆழமில்லை. மீன் ஏற்றி வரும் படகு கரையைத் தொட முடியாமல் தூரத்திலேயே நின்றுவிடும். லோடுமேன்கள் இடுப்புத் தண்ணீரில் நடந்துபோய்ப் பெட்டிகளைத் தலையில் வாங்கிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். அதற்கென்று ஒரு செட் இருந்தது. எண்ணி இத்தனை பேர் என்று இருக்கும். அதில் ஒருவன் விலகினால்தான் வெளியில் இருப்பவன் உள்ளே போகலாம். ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவனே தனக்குப் பதிலாக ஒரு மாத்தாளை அனுப்ப வேண்டும். மூன்று நாள் மாத்தாளும் வராவிட்டால் அவன் இடம் போய்விடும், காத்திருப்பவனுக்கு வந்துவிடும்.

காத்திருப்பவர்களில் முதல் ஆள் நான். எனக்குப் பின்னால் யாருமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"யாராச்சும் வெலகுனா கூப்புடுறேன்ப்பா. அதுவரைக்கும் அங்கிட்டு நண்டு வலையில ஒக்காரு" என்றார் செட்டின் மேஸ்திரி. நான் பெண்களோடு உட்கார்ந்து வலையிலிருந்து நண்டைப் பிரித்தேன். விரல் முழுக்கக் கடி.

செட்டில் ஒருவன், என் வயதுதான் இருக்கும், பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் என் பக்கம் வந்து நிற்பான். கழுத்து தென்னையின் அடிமரம் மாதிரி. வாய் அதைவிடப் பெரியது.

"ஊரு எங்கிட்டு?"

"வல்லத்திராக்கோட்டை பக்கம்."

"அதானே பாத்தேன். கண்மாய்ல எருமை முதுகப் புடிச்சு நீஞ்சுன ஆளு, கடலைப் பாத்துக் கண்ணு முழிக்கிது." பெண்கள் சிரித்தார்கள். "பாத்துங்க, நண்டு கடிச்சா எருமை கூட வந்து காப்பாத்தாது."

தினமும் இப்படி ஒன்று. மற்றவர்களையும் அப்படித்தான் பேசினான், என்னிடம் மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் மற்றவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை, உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் இளைஞர்கள் கடல் நீச்சல் பந்தயம் வைத்திருந்தார்கள். யாரும் கலந்துகொள்ளலாம். முதல் பரிசு ஒரு சைக்கிள். இருக்கையில் போட்ட பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காமல் மேடைப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். நடந்தே காலம் தள்ளுகிறவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெயர் கொடுத்தேன். அவனும் கொடுத்திருந்தான்.

"கண்மாய் அணியும் களத்துல எறங்குது!" என்று கத்தினான்.

ஆள் ஆழத்துக்கு மேல் இருக்கிற இடமாகப் பார்த்துப் படகில் கொண்டுபோய் இறக்கினார்கள். கொடி கட்டிய மூன்று படகுகளைச் சுற்றி வர வேண்டும், மூன்று கிலோமீட்டர் இருக்கும் என்றார்கள். இரண்டு படகு எங்கள் பின்னாலேயே காவலுக்கு வந்தது. கிளம்புமுன் ஒருவர் கையில் மைக்கோடு படகில் எழுந்து நின்றார்.

"ஃப்ரீ ஸ்டைல்னா ஃப்ரீ ஸ்டைல்தாங்க! மல்லாக்க நீஞ்சுங்க, குப்புற நீஞ்சுங்க, ஒருக்களிச்சு நீஞ்சுங்க, ஒங்க இஷ்டம். படகைப் புடிக்கப்படாது. முடியலையா, ரெண்டு கையையும் மேல தூக்குங்க. ஒடனே படகு வரும்."

உள்ளூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லவே தேவையில்லை. ஒரு கையைத் தூக்கினால் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு கையையும் தூக்கினால் வா, என்னை எடு என்று அர்த்தம். எந்த இரைச்சலிலும் எந்தத் தூரத்திலும் அது ஒன்றுதான் அங்கே பேச்சு. மைக்கில் சொன்னது என் காதிலும் விழுந்தது. விழவில்லை என்று இப்போது சொல்ல வழியில்லை.

பட்டாம்பூச்சி நீச்சலை நான் கற்றது ஒரு தனியார் பள்ளியின் குளத்தில். அங்கே இரண்டு வருடம் தண்ணீரில் குளோரின் போட்டு, ஓரத்துப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும்போது பார்ப்பேன். அவர்கள் போன பிறகு செய்து பார்ப்பேன். இரண்டு கையும் ஒரே சமயத்தில் தண்ணீரை விட்டு எழுந்து முன்னால் விழ வேண்டும். இரண்டு காலும் ஒட்டிக்கொண்டு மீன் வால்போல் அடிக்க வேண்டும். பார்க்க அழகு, உடம்பை உறிஞ்சிவிடும். அதனால் நீண்ட தூரத்துக்கு யாரும் அதை அடிப்பதில்லை.

ஒருநாள் அங்கே ஒரு பெரிய பையன் அடித்தான். நெடுந்தூர ஃப்ரீ ஸ்டைல் பந்தயம். பாதிக்கு மேல் தனக்கு எதிரி இல்லை என்று தெரிந்ததும் பட்டாம்பூச்சிக்கு மாறி, பக்கத்து வரிசைப் பையனின் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டே போய் முதலில் தொட்டான். பயிற்சியாளர் அவனுக்குக் கை கொடுக்கவில்லை. "ரூல்ல தப்பில்லையே சார்" என்றான் பையன். "ரூல்ல இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டாவதாக வந்தவனிடம் போய்விட்டார். நான் துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பந்தயம் தொடங்கியபோது கடல் கலங்கி, களிமண் கரைத்த மாதிரி இருந்தது. முதல் கொடிவரை அவன்தான் முன்னால். பலமாக நீந்தினான், ஆனால் தலையைத் தூக்கித் தூக்கி நீந்தினான், அது கழுத்தைத் தின்றுவிடும். இரண்டாவது கொடிக்கு முன் அவனைப் பிடித்தேன். தாண்டும்போது முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. பத்து நாளில் முதல்முறை.

அந்த இடத்தில்தான் பட்டாம்பூச்சிக்கு மாறினேன். வேகத்துக்காக இல்லை. சாதாரணமாக நீந்தியிருந்தால் இன்னும் சுலபமாக ஜெயித்திருப்பேன். அவன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்து வீச்சு போட்டிருப்பேன். மோட்டார் சத்தம் தலைக்கு மேல் வந்தது. காவல் படகுக்காரர், நரைத்த மீசை, குனிந்து என் தோளைப் பிடிக்க வந்தார்.

"ஏய், கையக் குடு! கையக் குடு!"

"ஒண்ணும் இல்லண்ணே! இதுவும் நீச்சல்தான்!"

"என்னது?"

"பட்டாம்பூச்சி நீச்சல்ண்ணே!"

"ஆளு போயிட்டான்னுல்ல மோட்டாரப் போட்டு வந்தேன்! ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு!"

அவர் படகைத் திருப்பினார். நான் சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி வந்தார். "வெளையாடுறியா? இன்னொரு தடவ ரெண்டு கையத் தூக்குன, துடுப்பாலயே ஒண்ணு போடுவேன்." நான் நிறுத்தவில்லை. மூன்றாவது தடவை அவர் வரவில்லை. இன்னொரு காவல் படகைப் பார்த்து, "அவன் அப்புடித்தான், விடுங்க! அது ஒரு நீச்சலாம்!" என்று கத்தியது எனக்குக் கேட்டது.

மூன்றாவது கொடியைச் சுற்றும்போது பின்னால் பார்த்தேன். அவன் வெகு தூரத்தில் இருந்தான். தண்ணீருக்கு மேல் அவன் இரண்டு கையும் எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது.

என்னைப் பார்த்து அவனும் பட்டாம்பூச்சி அடிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை நான் அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

கரையில் என்னைத் தூக்கி ஆடினார்கள். சைக்கிளின் மேல் கையை வைத்தேன். அதற்கப்புறம்தான் ஆளை எண்ணினார்கள், ஒன்று குறைந்தது. மீசைக்காரரின் படகு திரும்பி ஓடியது. இரண்டாவது கொடிக்கு அருகில் குப்புற மிதந்தவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நெஞ்சை அமுக்கினார்கள். வாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் வந்தது. இருமினான் என்று ஒருவர் சொன்னார், இருமவில்லை என்று இன்னொருவர் சொன்னார். அவன் மனைவி மீன் அறுக்கும் இடத்திலிருந்து கையில் செதிலோடு ஓடி வந்தாள். ஆம்புலன்ஸ் கதவு சாத்தியது.

என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஒரு பையன் பணிவாக, "சைக்கிள் சாவியத் தேடிக்கிட்டு இருக்காங்கண்ணே, செத்த இருங்க" என்றான். மேஸ்திரி தூரத்தில் நின்றபடி என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் காத்திருப்பவர்களில் முதல் ஆள் நான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

சாலையில் புளியமரத்தடியில் ஒரு டீக்கடை. தாகம். உட்காரப் பயம், உட்கார்ந்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள். நின்றுகொண்டே தண்ணீர் குடித்தேன். கடைக்காரர் போனில் யாரிடமோ பேசினார். "எந்நேரம் முடிஞ்சது?... ஓ... சரி சரி, எத்தனை மணிக்கு எடுக்குறாக?" டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் போனை வைத்ததும், "யாரண்ணே?" என்று கேட்டேன்.

"மச்சான் வீட்டுல காது குத்து. பந்தி முடிஞ்சிருச்சாம், போட்டோ எடுக்கப் போறாகளாம். ஏந்தம்பி, வேர்த்து ஊத்துது?"

மறுபடி நடந்தேன். கால் மைல் போயிருப்பேன். பின்னால் ஒரு டிவிஎஸ் வண்டி வேகம் குறைந்து என் பக்கத்தில் உருண்டது. திரும்பாமலே தெரிந்தது. நரைத்த மீசை.

"எங்கிட்டுப் போற?"

நடையை எட்டிப் போட்டேன்.

"ஒன்னத்தான்யா. எங்கிட்டு?"

"அறந்தாங்கி. அங்கிட்டிருந்து பஸ்ஸப் புடிச்சு..."

"பஸ்ஸப் புடிச்சு?"

அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை. அவர் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினார். கைப்பிடியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. உள்ளே மடித்த வேட்டி, சட்டை, செருப்பு, அடியில் சுருட்டிய ஒரு துண்டு.

"அவன் துணி. ஈரத்தோட கொண்டு போயிட்டாக. நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். ஏறு."

"நான் வல்லண்ணே."

"ஏன்?"

"என்னாலதான..."

"ஒன்னாலயா?" அவருக்குக் கோபம் வந்தது. "நீ காட்டுன வித்தைய விடு. அவன் கையத் தூக்குனத நான் பாத்தேன்யா. இந்தக் கண்ணால பாத்தேன். நாப்பது வருசமா கடல்ல கெடக்கேன், ரெண்டு கைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? இவனும் அந்த எழவு நீச்சலத்தான் அடிக்கிறான்னு சொல்லிட்டுப் பீடியப் பத்த வச்சேன். பீடிய!"

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது.

"நானும் பாத்தேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "அப்ப ஏறு" என்றார்.

வண்டியில் போகும்போது அவர் போன் இரண்டு தடவை அடித்தது. அவர் எடுக்கவில்லை. வண்டி ஓட்டுவதால் எடுக்கவில்லையா, பயத்தால் எடுக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. எடுக்கச் சொல்லவும் எனக்குத் தைரியமில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் கட்டுமாவடி ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். யாரும் அழவில்லை. அழவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். மீசைக்காரர் மஞ்சள் பையை நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

"எப்புடித்தா இருக்கான்?"

"இருக்காரு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நெஞ்சுல தண்ணி கெட்டியிருக்காம். ஆக்சிஜன் வச்சிருக்காக. ரெண்டு நாளு பாத்துட்டுத்தான் சொல்லுவாகளாம்." பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "இவருதானே அந்த..."

"ஆமாத்தா" என்றார் மீசைக்காரர். "நானுந்தான்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கவும் இல்லை.

மாலையில் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். நான் போகமாட்டேன் என்று நின்றேன். அவனே கூப்பிட்டான் என்று வந்து சொன்னார்கள். அடிப்பதற்காக இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டு போனேன். முகத்தில் பிளாஸ்டிக் மூடி. அதைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினான்.

"அதென்னய்யா... நீச்சல் அது?"

"பட்டாம்பூச்சி."

"எருமைகிட்ட... கத்துக்கிட்டதா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். "ஒனக்குக் காட்டணும்னுதான் அடிச்சேன். தப்பு. நீ கையத் தூக்குனதையும் பாத்தேன். நீயும் அதத்தான் அடிக்கிறன்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

மூடியை முகத்தில் வைத்து நாலைந்து மூச்சு இழுத்தான். பதில் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவன் வேறொன்றைச் சொன்னான்.

"நாளைக்குப் படகு வருது. திங்கக்கெழம... நெறய பெட்டி. என் எடத்துல யாரு நிப்பா?"

அப்போதுதான் அவன் கண்ணைப் பார்த்தேன். அதில் இன்னும் பயம் இருந்தது, ஆனால் சாவைப் பற்றி இல்லை. மூன்று நாள் மாத்தாள் வராவிட்டால் இடம் போய்விடும். அந்த இடம் யாருக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். அவன் என்னைக் கூப்பிட்டதே அதற்குத்தான். கேட்கவும் மனசில்லை, கேட்காமல் படுத்திருக்கவும் முடியவில்லை.

"மாத்தாளா நான் நிக்கிறேன்" என்றேன். "நீ வர்ற வரைக்கும். வந்த அன்னிக்கு எறங்கிருவேன்."

"மேஸ்திரிகிட்ட... அப்புடியே சொல்லு. மாத்தாளுன்னு சொல்லு. சும்மா போய் நிக்காத."

"சொல்றேன்."

"நாலு பேரு கேக்கச் சொல்லு."

"சரிப்பா."

நம்பினானா என்று தெரியவில்லை. நான் அவனாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஊர் ஊராகக் கிளம்பிப் போகிறவன் சொல்லுக்கு என்ன பிடிமானம்? கட்டில் பக்கம் நின்றிருந்த அவன் மனைவி மஞ்சள் பையிலிருந்து ஒரு துண்டுச் சும்மாட்டை எடுத்து நீட்டினாள். பெட்டிக்கு அடியில் தலையில் வைத்துக்கொள்வது. உப்பில் விறைத்து, அவன் தலையின் அளவுக்கே பள்ளம் விழுந்திருந்தது.

மறுநாள் விடிந்தபோது கடற்கரையில் நின்றேன். படகுகள் தூரத்தில் வரிசையாக வந்து நின்றிருந்தன. மேடை பிரிக்கப்படவில்லை. சைக்கிள் அங்கேயே இருந்தது, இருக்கையில் பாலித்தீன் உறையோடு. செட் ஆட்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மேஸ்திரி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எடத்துக்கு வந்தியா?"

"மாத்தாளு" என்றேன். சத்தம் போதவில்லை என்று தோன்றியது. "மாத்தாளுங்க!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவர் பேனாவை எடுத்தார். அவன் பேரை அடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டார்.

இடுப்புத் தண்ணீர் நடக்க நடக்க நெஞ்சுவரை வந்தது. அடியில் சேறு காலைப் பிடித்து இழுத்தது. முதல் படகில் நரைத்த மீசைக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு பெட்டியைத் தூக்கி என் தலையில் வைத்தார். ஐஸ் தண்ணீர் காதுக்குள் வடிந்தது. அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சாய்ந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு கையையும் மேலே கொண்டுபோய்ப் பெட்டியைப் பிடித்தேன்.

"ஏய், ஒரு கை!" என்று கத்தினார் அவர். "ஒரு கைல புடி! இன்னொரு கை தண்ணியில இருக்கட்டும்!"

வலது கையை இறக்கினேன். கழுத்து நடுங்கியது. கரை வெகு தூரத்தில் இருந்தது. நடந்தேன்.